சின்னமுத்து யாரு?

இல்ல தம்பி, உள்ள வரல. நாற்காலியும் வேண்டாம். இந்த அஞ்சடி நடைபாதையிலேயே நிக்கிறேன், எனக்கு இதுதான் வசதி. ரோப்வாக்குச் சந்தையில தரையில சாக்கை விரிச்சு, பழைய சாமானைப் பரப்பி வச்சு, வெயில்ல நின்னே சம்பாரிச்ச ஆளு நான். நிக்கறதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமா?

நீ ஏன் எந்திரிச்சு வர்றே? அங்கேயே இருலா. ஃபேனை நானே வாசப்படியில வைக்கிறேன். வச்சிட்டு நான் பின்னால தள்ளிக்கிறேன், அப்புறமா வந்து எடுத்துக்க. ம், இப்ப வா. பயப்படாத, டெட்டால் போட்டுத் துடைச்சுத்தான் கொண்டாந்தேன். நெடி அடிக்குதா? அடிக்கட்டும். என் கடைச் சாமான்ல நல்ல வாடை வந்தா விலை ஏறத்தான் செய்யும்.

கோளாறு என்னன்னா, காத்தாடி சுத்துது, தலையாட்ட மாட்டேங்குது. ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு விறைப்பா நிக்குது. கழுத்துக்குள்ள பல்லு தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். நீ திறந்து பாரு. கூலி என்ன ஆவும்? என்னது? அநியாயமா இருக்கு தம்பி. சீனன் கடையில இதுல பாதிக்குப் பார்ப்பான், பார்த்துட்டு ஒரு கோப்பியும் வாங்கிக் குடுப்பான். சரி சரி, முகத்தைச் சுருக்காத. முதல்ல திறந்து பாரு, பேரத்தை அப்புறம் வச்சுக்குவோம். நான் பேரம் பேசாம எதையுமே வாங்கினதில்ல. மையத்துக்குப் போர்த்தற துணி வாங்கப் போனப்பவே பேரம் பேசினவன்னு என்னைப் பத்திச் சொல்லுவாங்க. பொய்யில்ல, பேசினேன்தான்.

போர்டு நல்லா இருக்கு. புதுசா? அந்த ரேடியோங்கற எழுத்துல கொம்பைப் பாரு, சேவல் வாலு மாதிரி சுழிச்சு விட்டிருக்கான். இது யாரு கைன்னு எனக்குத் தெரியும். ஆர்ட்டிஸ்ட் தங்கையா. எப்படித் தெரியும்னா, இதே கைதான் என் இடுப்புலயும் எழுதியிருக்கு. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

உள்ள யாரு, வீட்டுல பொம்பளைங்களா? திரைக்குப் பின்னால கரண்டிச் சத்தம் கேட்டுச்சு. தேத்தண்ணி எல்லாம் கலக்க வேண்டாம்னு சொல்லு. வெளியிலயும் வர வேண்டாம். மரியாதைக்காகச் சொல்லல, சீக்குக்காகச் சொல்றேன். எனக்கு அக்கி. இடுப்பைச் சுத்திக் கொப்புளம். இப்ப துணி வச்சுக் கட்டித்தான் இருக்கேன், இருந்தாலும் டாக்டர் தள்ளி நில்லுன்னாங்க. சின்ன வயசுல சின்னம்மை போட்டு எந்திரிச்சவங்களுக்கு இதால ஒண்ணும் இல்லையாம். போடாதவங்க இந்தக் கொப்புளத் தண்ணியைத் தொட்டா அவங்களுக்குச் சின்னம்மை வந்துருமாம். அதுலயும் மாசமா இருக்கற பொம்பளைன்னா, அவளுக்கும் ஆபத்து, வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்து. அதான் நான் இங்க நிக்கிறேன்.

உனக்குப் போட்டிருக்கில்ல? மூக்குக்குப் பக்கத்துல ஒரு குழி தெரியுது. அப்ப நீ தப்பிச்சே.

எப்படி வந்துச்சா? முதல்ல ஒரு எரிச்சல். மிளகாய் அரைச்ச கையை இடுப்புல வச்ச மாதிரி. அப்புறம் ஒரு பக்கமா வரிசையா கொப்புளம். பக்கத்துக் கடைச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேகிட்ட சட்டையைத் தூக்கிக் காட்டினேன். பாம்புன்னான். இது பாம்பு, இடுப்பைச் சுத்தி வரும், தலையும் வாலும் சேர்ந்துச்சுன்னா ஆளு காலின்னான். அந்த நேரத்துல அவன் என்கிட்ட ஒரு சுவர்க் கடியாரத்துக்கு விலை பேசிக்கிட்டு இருந்தான். நான் சாகப்போறேன்னு தெரிஞ்சதும் இன்னும் குறைச்சுக் கேட்டான். நல்ல வியாபாரி.

அதுலேர்ந்து எனக்கு இதே வேலை. கடையில நிலைக்கண்ணாடிக்கா பஞ்சம்? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வச்சுக்கிட்டு, பாம்பு எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்க்கறது. வாங்க வந்தவன் நிப்பான், நான் சட்டையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல சுத்திக்கிட்டு நிப்பேன். கண்ணாடி விக்கிறியா, டான்ஸ் ஆடுறியான்னு ஒருத்தன் கேட்டான். அவனுக்குக் கண்ணாடியை விக்கலை. போடான்னு அனுப்பிட்டேன்.

எதிர்வீட்டு மலாய்க்காரம்மா, அந்த மக்சிக், இது காயாப், வெத்தலை துப்பினா அடங்கிரும்னு சொல்லி வெத்தலையை மென்னுக்கிட்டு வந்தாங்க. துப்பறதுக்கு முன்னால நான் மாடிக்கு ஓடிட்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன், நேரா டாக்டர்கிட்ட போப்பான்னாரு. அவரு ஒருத்தர்தான் சரியாச் சொன்னாரு, அவரு பேச்சை மட்டும்தான் நான் கேக்கலை. நம்ம ஆளுங்க என்ன சொன்னாங்க? அக்கின்னா எழுதணும். காவியைக் கரைச்சு அது மேல சிங்கம் எழுதினா அக்கி பயந்து அடங்கிரும். அதுவும் பானை செய்யற கையா இருக்கணும். பினாங்குல நான் பானைக்காரனுக்கு எங்க போறது? விசாரிச்சா, தங்கையாவோட பாட்டன் ஊர்ல பானை சுட்டவருங்கறாங்க. போதும், கூப்புடுன்னேன். உருவம் எழுதலாமா, நீ முஸ்லிமாச்சேன்னு நீ கேக்கலாம். கேக்கறவன் ஒரு நாளு அந்த எரிச்சலை வாங்கிக்கிட்டுக் கேக்கட்டும்.

வந்தான். வந்தவன்கிட்ட காவி எங்க இருக்கு? இரும்புக் கேட்டுக்கு அடிக்கறாங்களே செவப்புப் பெயிண்டு, அந்த டின்னோட வந்திருக்கான். டர்பன்டைன் ஊத்திக் கலக்கினான். புண்ணு மேல முதல் இழுப்பு இழுத்தான் பாரு, கொம்தார் கட்டடத்து உச்சியில நின்னவனுக்கும் என் சத்தம் கேட்டிருக்கும். நாப்பது போர்டு எழுதியிருக்கேன், எந்தப் போர்டும் இப்படிக் கத்தினதில்லண்ணேங்கறான். எழுதி முடிச்சான். சிங்கம் நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லக்கூடாது. ஆனா அவன் கை போர்டு எழுதற கையாச்சே. மத்தி மீன் டப்பாவுல இருக்கற சிங்கமா வந்துருச்சு. கீழ நிழல் வேற போட்டான். கடைசியில பழக்கதோஷத்துல ஓரமா தன் பேரும் டெலிபோன் நம்பரும் எழுதப் போனான். கையைப் பிடிச்சுட்டேன்.

அவனுக்கு வேலை செஞ்சா வாய் சும்மா இருக்காது. எந்த ரோட்டுல, எந்த ஜாலான்ல எந்தக் கடைக்குப் போர்டு எழுதினேன், எவன் காசு குடுத்தான், எவன் வீட்டுப் பொம்பளை கோப்பி குடுத்தாங்க, எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வந்தான். ஒரு கடைப் பேரைச் சொன்னான். ஆடாம எழுதுடான்னேன். நான் ஆடலண்ணே, நீங்கதான் ஆடிட்டீங்கங்கறான். சிங்கத்துக்கு வாலு கோணலாப் போச்சு.

மறுநாளு காய்ச்சல். மாடியில கட்டில்ல கிடந்தேன். ஒருத்தவங்க வந்து அந்தப் பெயிண்டை வெந்நியில ஒத்தி எடுத்து, புண்ணைக் கழுவி, மருந்து தடவி, கஞ்சி வச்சுட்டுப் போனாங்க. யாருன்னு கேக்காத. அதுக்கு வர்றேன்.

நீ கழுத்தைக் கழட்டினியா இல்லியா? மூடியை மட்டும் கழட்டிட்டு என் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே. வேலையைப் பாரு, பேச்சு பாட்டுக்குப் பேச்சு.

நேத்துதான் டாக்டர்கிட்ட போனேன். டாக்டர் அருந்ததி, தோல் டாக்டரு. யாழ்ப்பாணத்து ஆளுங்க, அப்பா புக்கிட் மெர்தாஜாம்ல ரயில்வே கிராணியா இருந்தவரு. சட்டையைத் தூக்கினேன். கழுவியும் பாதிச் சிங்கம் போகலை. அந்தம்மா நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. நர்ஸு போயி இன்னொரு நர்ஸைக் கூட்டியாந்துச்சு. பார்க்கறதுக்குக் காசு வாங்கலாம்னு எனக்கே தோணுச்சு.

ஐயா, இது வெளியில இருந்து வரேல்லை, கனகாலமா உங்களுக்குள்ளயே இருந்ததுன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு கோவம். திருட்டுச் சாமான் உன் கடையிலதான் இருக்குன்னு மாத்தா மாத்தா, போலீஸ்காரன், வந்து சொன்னா எப்படி இருக்கும், அப்படி. என்கிட்ட அதெல்லாம் கிடையாதுன்னேன். நீங்கள் சின்னப் பிள்ளையில் வாங்கி வச்சதுதான் ஐயா, அப்ப இருந்து திருப்பிக் குடுக்கேல்லைன்னாங்க. அந்தம்மாவுக்கும் வாயி இருக்கு.

அப்புறம் உக்கார வச்சுச் சொன்னாங்க. நான் குறுக்கே குறுக்கே கேட்டேன், சலிக்காம சொன்னாங்க. தோலுன்னா நாம சும்மா போர்த்திக்கிட்டு இருக்கற துணி இல்லையாம். உள்ள காவலுக்கு ஜாகா நிக்குதாம், ஒண்ணு ரெண்டு இல்ல, அடுக்கடுக்கா. அதுல ஒரு வகை ஜாகா, கணவாய் மீனு, சோத்தோங் மாதிரி கையை நாலு பக்கமும் நீட்டிக்கிட்டு, மேல் தோலுல நகராம நிக்கும். வர்றவன் போறவனை எல்லாம் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கும். கிருமி உள்ள நுழைஞ்சுச்சா, பிடிக்கும். பிடிச்சு, துண்டு துண்டா நறுக்கும். நறுக்கி, ஒரு துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, காவலை விட்டுட்டு ஓடும். எங்கேன்னு கேளு. தொடை இடுக்குல, அக்குள்ல நெறி கட்டுதே, அங்க. அது சீக்கு இல்ல தம்பி, அதுதான் பாலாயாம். பாலாய் போலீஸ், ஸ்டேஷன். எனக்கு நெறி கட்டியிருக்குன்னு நான் பயந்துக்கிட்டுக் கிடந்தேன், அந்தம்மா அமுக்கிப் பார்த்துட்டு நல்லா வேலை நடக்குதுன்னாங்க.

அங்க போயி இந்த ஜாகா அந்தத் துண்டைத் தூக்கி, ஒவ்வொருத்தன் முகத்துக்கும் முன்னால காட்டுமாம். இவனைத் தெரியுமா, இவனைத் தெரியுமான்னு. தெரியாதவன் போயிருவான். தெரிஞ்சவன் ஒருத்தன் எங்கேயாவது இருப்பான். அவன் கையைத் தூக்கினதும், அவனே பத்தாவான், நூறாவான், ஆயிரமாவான். கிளம்பி, கொப்புளம் எங்க இருக்கோ அங்க வந்து, கிருமி புகுந்த வீட்டையே இடிச்சிருவான். சண்டை முடிஞ்சாலும் ஒரு சில பேரு சாகாம சுத்திக்கிட்டு இருப்பாங்களாம், அந்த முகத்தை மறக்காம. அடுத்த தடவ அது தலையைக் காட்டினா, விசாரணையே கிடையாது.

எனக்கு அந்த ஆளுங்களைப் பிடிச்சுப் போச்சு. மறக்கறது கிடையாது, மன்னிக்கறது கிடையாது. என் சாதிசனம் எல்லாம் என் தோலுக்குள்ளதான் இருந்திருக்கு.

ஆனா அந்தம்மா விடலை. ஐயா, இவ்வளவு காவல் இருந்தும் இது எப்பிடித் தப்பினது தெரியுமோன்னாங்க. நீ வயரு வேலை பார்க்கறவன், உனக்குச் சட்டுன்னு புரியும். தோலுலேர்ந்து முதுகெலும்புக்கு நரம்பு ஓடுதே, அந்த வயரு வழியா உள்ள ஏறி, கடைசியில ஒரு முடிச்சு இருக்காம், அதுக்குள்ள போயிப் படுத்துக்குமாம். சத்தம் போடாது. குட்டி போடாது. வருஷக்கணக்கா. வெளிய ஜாகா வெறப்பா நிக்கற வரைக்கும் அதுக்கு எந்திரிக்கத் தைரியம் இல்ல. வயசாயி, தூக்கம் கெட்டு, மனசு கெட்டு, ஜாகா அசந்தான்னு வையி, அதே வயரு வழியா இறங்கி வரும். அதான் ஒரே பக்கம், ஒரே வரி. பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. தவுக்கேகிட்ட போயிச் சொன்னேன். அப்பக் கடியாரம் என்ன விலைன்னான்.

இன்னொண்ணும் சொன்னாங்க. இந்த எரிச்சல், செவப்பு, வீக்கம், காய்ச்சல், இதுல பாதி கிருமி செய்யறதில்லையாம். நம்ம ஆளுங்க போடற சண்டைதானாம். உள்ள வந்தவனை அடிக்கறேன்னு வீட்டுச் சாமானையும் சேர்த்து உடைக்கறது. இதைச் சொல்றப்ப மட்டும் மேசையில இருந்த காகிதத்தைப் பார்க்காம என்னையே பார்த்துக்கிட்டுச் சொன்னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். அர்த்தம் ஒண்டும் இல்லை, வைத்தியம்தான் சொல்லுறன்னாங்க. மனசுக்குள்ள ஏதும் கவலையோன்னாங்க. எனக்கென்ன கவலைன்னு கத்தினேன். வெளியில உக்காந்திருந்த கைப்புள்ளை வீல்னு அழுதுச்சு. அதோட கவலைப் பேச்சை விட்டுட்டாங்க.

விட்டாங்கன்னு பார்த்தா, அடுத்த கேள்வி. வீட்டில ஆர் ஆர் இருக்கினம்? யாரும் இல்ல. மனுசி? வீட்டுக்காரி ஹாஜரா மவுத்தாயி ரொம்ப நாளாச்சு. பிள்ளையள்? ஒரு மகள், இப்ப என்கூட இல்ல. சரின்னு எழுதிக்கிட்டே, ரொம்பச் சாதாரணமா, உங்கட மகளுக்குச் சின்னமுத்து வந்ததோ, கொப்பளிப்பான் வந்ததோன்னாங்க.

நீயே சொல்லு தம்பி. ஒரு தகப்பன்கிட்ட கேக்கற கேள்வியா இது? எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. எந்திரிச்சுட்டேன். யாரும்மா சின்னமுத்துன்னேன். சின்னமுத்து எதுக்கு என் மகளுக்கு வரணும்? வந்தான்னே வையி, என் வீட்டுக்கு வந்து அவன் எதுக்கு வாய் கொப்பளிப்பான்? நீ படிச்ச டாக்டரா, இல்ல பாசார்ல வம்பு பேசற பொம்பளையான்னேன். நர்ஸு ரெண்டும் ஓடியாந்துச்சு. என் மகளைக் கூட்டிட்டுப் போனவன் சின்னமுத்து இல்லம்மா, அவன் நம்ம மார்க்கத்து ஆளுதான், அவன் பேரு இதுன்னு, ரெண்டு வருஷமா என் வாயில வராத பேரை அந்த ரூமே கேக்கச் சொல்லிட்டேன். தாய்லாந்துப் பக்கம் போயி நிக்காஹ் முடிச்சுட்டு வந்தாங்க, அதுவும் உனக்குத் தெரியணுமா, எழுதிக்கன்னேன்.

அந்தம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. சிரிக்கலை. சிரிக்காம இருக்கறதுக்கு அவங்க பட்ட பாடு எனக்குத் தெரிஞ்சுச்சு. ஐயா, சின்னமுத்தெண்டா ஆளில்லை. எங்கட ஆக்கள் மீசல்ஸைச் சொல்லுறது. கொப்பளிப்பானெண்டா சிக்கன்பாக்ஸ், சாச்சார் ஆயர்ன்னாங்க. நம்ம சின்னம்மை. சனியன் பிடிச்ச தமிழு, மலாய்ல கேட்டிருந்தா முதல்லயே புரிஞ்சிருக்கும்.

உக்காந்தேன். தண்ணி குடுத்தாங்க. அப்பத்தான் ஏன் கேட்டேன்னு சொன்னாங்க, அந்த மாசமா இருக்கற பொம்பளை விஷயம். உங்களை இந்த நாளையில ஆரும் தொட்டவையோன்னாங்க.

இல்லன்னேன். முதல்ல இல்லன்னுதான் சொன்னேன்.

அந்த ஸ்க்ரூவை ஏன் திருப்பி மாட்டறே? கழட்டின பிறகு மாட்டறே, மாட்டின பிறகு கழட்டறே. கீழ வச்சிரு.

காய்ச்சல்ல கிடந்தேன்னு சொன்னேனில்ல. மத்தியானம். படியில காலடி கேட்டுச்சு. என் வீட்டு மாடிப்படியில அஞ்சாவது பலகை கத்தும். தெரியாதவங்க அதை மிதிப்பாங்க. இது மிதிக்காம தாண்டி வந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு, யாருன்னு. தங்கையா போயிச் சொல்லியிருக்கான், அவனுக்கு வேற என்ன வேலை. நான் கண்ணை மூடிக்கிட்டேன். தூங்கற மாதிரி. ஏன்னா கண்ணைத் திறந்தா ஏதாச்சும் சொல்லணும். வெளிய போன்னு சொல்லணும். இல்ல, வான்னு சொல்லணும். ரெண்டுக்கும் என்கிட்ட சரக்கு இல்ல. சும்மா படுத்திருந்தா யாருக்கும் நட்டமில்லன்னு நினைச்சேன். வியாபாரிக்கு இதைவிட நல்ல பேரம் ஏது?

வெறும் கையி. கிளவுஸா போட்டிருப்பா? கொப்புளத்தை ஒவ்வொண்ணா ஒத்தினா. பெயிண்டு வராத இடத்துல நகத்தாலயும் எடுத்துப் பார்த்தா. அந்தச் சிங்கத்தைப் பார்த்து ஒரு தடவ மூக்கால சிரிச்சா, அவ உம்மா மாதிரியே. முதுகுப் பக்கம் தொடைக்கறதுக்கு எட்டிக் குனிஞ்சப்ப, என் முழங்கையில அவ வயிறு முட்டுச்சு. உருண்டையா, இறுக்கமா. அது ஒரு உதை விட்டுச்சு. கண்ணை மூடிக்கிட்டே நான் அதை வாங்கிக்கிட்டேன்.

அப்பவும் நான் கண்ணைத் திறக்கலை.

இதை டாக்டர்கிட்ட சொன்னேன். அவங்க ஏசலை. ஏசியிருந்தா நான் பதிலுக்கு ரெண்டு சொல்லியிருப்பேன். மகளுக்குச் சின்னப் பிள்ளையில் வந்திருந்தா ஒரு பயமும் இல்லை ஐயா, தாயின்ர காவல் பிள்ளைக்கும் காவல்ன்னாங்க. வந்திருக்கான்னு தெரியுமோன்னாங்க. எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவ நான் தாய்லாந்து ஹாட்யாய்லேர்ந்து சரக்கோட வந்தப்ப, புள்ளை உடம்பெல்லாம் வெள்ளையா எதையோ பூசிக்கிட்டு, வாசல்ல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்துச்சு. என்னான்னு கேட்டேன். ஹாஜரா என்னமோ சொன்னா. வேர்க்குருன்னாளா, அம்மைன்னாளா? நான் லாரியிலேர்ந்து எறக்கற ஆளுகிட்ட கூலி பேசிக்கிட்டு இருந்தேன். என் கடையில எந்த ஃபேன் எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சு, எந்தக் கடியாரத்துல எந்தச் சக்கரம் மாத்தினதுன்னு கேளு, தூக்கத்துல சொல்லுவேன். இது தெரியலை.

ஊரெல்லாம் என்னைக் கோவக்காரன்பாங்க. எத்தனையோ பேரை வாசல்லயே நிறுத்தி ஏசி அனுப்பியிருக்கேன். அன்னிக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வழக்கம்போல எந்திரிச்சுக் கத்தி விரட்டியிருந்தேன்னா, அவ என்னைத் தொட்டிருக்க மாட்டா. அன்னிக்குன்னு பார்த்து நல்ல மனுஷனா படுத்திருந்தேன்.

அதுக்குத்தான் வந்தேன். ஃபேனுக்கு ஒண்ணும் அவசரமில்ல.

நீ என்னை யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் காட்டிக்காம நின்னது எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் உன்னைத் தெரியாது. அன்னிக்கு நீ பொண்ணு கேட்டு வந்தப்ப நான் நிமிரலை. உன் தேஞ்ச செருப்பையும், சட்டைப் பையில குத்தியிருந்த ஸ்க்ரூ டிரைவரையும்தான் பார்த்தேன். இதை வச்சுக்கிட்டு என் மகளை வாங்க வந்தியான்னேன். முகத்தைப் பார்க்கவே இல்ல. இன்னிக்குத்தான் பார்க்கிறேன். நடந்து வர்ற தூரம்தான் இது.

உள்ள போ, கமால். ரொஸ்னாகிட்ட கேளு, சின்னப் புள்ளையில சின்னம்மை போட்டுச்சான்னு. உம்மா எதாச்சும் சொன்னது ஞாபகம் இருக்கான்னு. காதுக்குப் பின்னால, முதுகுல, உன் மூக்குல இருக்கற மாதிரி எங்கயாச்சும் குழி இருக்கான்னு நீ பாரு. நான் பக்கத்துல வரக்கூடாது.

என்ன, திரைக்குப் பின்னாலயேதான் நிக்கிறாளா? எவ்வளவு நேரமா? முழுசாவா? சரி. என்ன சொல்றா? தெரியலையா. ஞாபகம் இல்லியா. ம். பரவாயில்லன்னு சொல்லு. தெரியாட்டி ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்களாம். வேணும்னா ஒரு ஊசி இருக்காம், சீக்கிரம் போனாத்தான் அதுக்கு மதிப்பு. டாக்டர்கிட்ட பேசி வச்சிட்டேன், காத்துக்கிட்டு இருக்காங்க. சின்னமுத்து வீட்டுலேர்ந்து வந்திருக்கோம்னு சொல்லு, உடனே உள்ள விடுவாங்க.

முனையில டாக்சி நிக்குது. காசெல்லாம் குடுத்தாச்சு. இல்ல, பேரம் பேசலை. அவன் கேட்டதைக் குடுத்துட்டேன். அவனுக்கே சந்தேகம் வந்து நோட்டை வெயில்ல பிடிச்சுப் பார்த்தான்.

நீங்க ரெண்டு பேரும் அதுல போங்க. நான் பின்னால நடந்து வந்துடறேன். கடையை நான் பார்த்துக்கவா? வேண்டாம், நான் பார்த்துக்கிட்டா நீ வர்றதுக்குள்ள பாதியை வித்துருவேன். பூட்டிக்க.

என்ன கேக்கறா? இன்னும் சத்தமாச் சொல்லச் சொல்லு, லாரி போவுது. அத்தா இப்பவும் உள்ள வரமாட்டாங்களாமான்னு கேக்கறாளா?

கோவம் இல்ல, அக்கின்னு சொல்லு.